தீவைப் பிரிந்தவர்களின் கவிதையைக் கடற்கரையில் வாசிக்கும் முறை

இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குக் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், கரீபியன் தீவுகளை விட்டு நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் குடிபெயர்ந்த கவிஞர்களின் கவிதைகளைச் சில காலமாகப் படித்து வருகிறோம். பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம் போன்ற கரையோர ஊர்களில் இப்படி ஒரு வட்டம் தொடங்க விரும்புகிறவர்கள், எந்தக் கவிதையில் ஆரம்பிப்பது, எப்படிப் படிப்பது, வந்திருப்பவர்களிடம் என்ன கேட்பது என்று என்னிடம் விசாரிப்பதுண்டு. எங்களுக்குப் பலன் தந்த வழிகளையும், நான் செய்த பிழைகளையும் அவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கரையில் இந்தக் கவிதைகள் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் போனது; அன்று பிழைத்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். மண்டபம் கேம்ப் என்று நாம் சொல்லும் இடம், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய பிரிட்டிஷ் கால முகாம். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் அதே இடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்தில் குடும்பத்தில் ஒரு சபராளி, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர், இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடலைக் கடந்து போனவர், கடலைக் கடந்து வந்தவர், கடல் வந்து ஊரை எடுத்துக்கொண்டு போனதைக் கண்டவர் என்று மூவகை மனிதர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் வேறு எத்தனை இடங்களில் கிடைக்கும்?

இத்தனை நாள் வாசிப்பில் என் மனத்தில் உறுதிப்பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீவைப் பிரிந்தவர் எழுதும் நல்ல கவிதை, 'ஏங்குகிறேன்' என்று சொல்லும் முன்பே ஒரு பழத்தின் பெயரையோ ஒரு காற்றின் பெயரையோ ஓர் ஓசையையோ நம் கையில் கொடுத்துவிடுகிறது. வாசகரும் அதே வரிசையில்தான் போக வேண்டும். பொருள்களை எண்ணி முடித்த பிறகே துக்கத்தைப் பேச வேண்டும். இதற்கு வேண்டிய கருவியைத் தொல்காப்பியமே நமக்குத் தந்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துப் பறவை, மரம், உணவு, தொழில், பறை, தெய்வம் முதலியவை கருப்பொருள். மனத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதும், பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதும் பள்ளியில் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். கருவிலிருந்து உரிக்குப் போகும் இந்தப் பாதையைக் கரீபியன் கவிதைக்குப் பொருத்திப் பாருங்கள். நான் அறிந்தவரை இதைவிட நேரான வழி வேறில்லை.

கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஓர் உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டுங்கள். கரீபியன் என்பது ஒரே நாடு என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள்தாம் அதிகம். ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், செயின்ட் லூசியா, மார்ட்டினிக், குவாதலூப் என்று ஒவ்வொரு தீவையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், டச்சு ஆகிய ஆட்சிமொழிகளும் அவற்றோடு கலந்து பிறந்த கிரியோல் மொழிகளும் அங்கே பேசப்படுகின்றன என்று சொல்லுங்கள். கயானா தென் அமெரிக்கப் பெருநிலத்தில் இருந்தாலும், வரலாற்றாலும் இலக்கியத்தாலும் கரீபியனோடு சேர்த்தே எண்ணப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பின்னால் நாம் படிக்கப்போகும் கிரேஸ் நிக்கோல்ஸ் அந்த நாட்டுக்காரர்.

அடுத்து, அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதைப் பத்து நிமிடங்களில் விளக்கிவிடலாம். 1904 முதல் 1914 வரை பனாமா கால்வாயை வெட்டுவதற்குப் பார்படோஸிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் பல்லாயிரம் பேர் போனார்கள். பலர் அமெரிக்க நகரங்களுக்குப் போனார்கள். 1948 ஜூன் 22 அன்று, எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பலில் வந்த பல நூறு கரீபியன் மக்கள் லண்டனுக்கு அருகிலுள்ள டில்பரித் துறையில் இறங்கினார்கள். போரில் சிதைந்த பிரிட்டனுக்கு அப்போது ஆட்கள் தேவைப்பட்டார்கள். பேருந்து, ரயில், மருத்துவமனை என்று எல்லா இடங்களிலும் அவர்கள் உழைத்தார்கள். 1962இல் கொண்டுவரப்பட்ட குடியேற்றச் சட்டம் அந்த வரவுக்குக் கடிவாளம் போட்டது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் விளக்க வேண்டும். இவர்களில் பெரும்பாலானவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பிரிட்டிஷ் தீவுகளில் 1838இலும் பிரெஞ்சுத் தீவுகளில் 1848இலும் அடிமைமுறை முழுமையாக முடிந்த காலத்தை ஒட்டி, கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். சென்னை, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து போனவர்களில் தமிழர் ஏராளம். மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்றும் மாரியம்மன் வழிபாடு இருக்கிறது; 'கொலம்போ' என்ற மசாலாக் குழம்பு அங்கே வீட்டுச் சாப்பாடு. ஆகவே இந்தக் கவிஞர்கள் ஏங்கும் தாய்மண், அவர்களுடைய கொள்ளுப்பாட்டன் காலத்தில் அந்நிய மண்ணாக இருந்தது. ஒரு முறை பிடுங்கப்பட்டு ஒரு தீவில் வேர்விட்டவர்கள் மறுமுறையும் பிரிந்து போனார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்போது, ஒரு வாழைக்குலைகூட வேறு கனத்தோடு தெரியும்.

முதல் கவிதை: கடைச் சன்னலில் பழங்கள்

கிளாட் மெக்கேயின் 'தி ட்ராபிக்ஸ் இன் நியூயார்க்' என்ற கவிதையில் ஆரம்பியுங்கள். பன்னிரண்டே வரிகள் கொண்ட இந்தக் கவிதை 1920இல் வெளியானது. பழைய ஆக்கம் என்பதால் தயக்கமில்லாமல் படியெடுத்து எல்லோருக்கும் கொடுக்கலாம். மெக்கே ஜமைக்காவின் மலைப்பகுதியில் பிறந்து, 1912இல் படிப்பதற்காக அமெரிக்கா போனவர். அதன்பின் அவர் ஜமைக்காவுக்குத் திரும்பவே இல்லை. 1948 மே மாதம், விண்ட்ரஷ் கப்பல் டில்பரியை அடைவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, சிகாகோவில் காலமானார்.

முதலில் ஆங்கில மூலத்தை யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். புரியாதவர்கள் இருந்தாலும் பரவாயில்லை. எதுகை எங்கே விழுகிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடும். பிறகு தமிழில் அதன் பொருளை மெதுவாகச் சொல்லுங்கள். முதல் நான்கு வரிகளில் கவிஞர் எதையும் உணர்வதாகச் சொல்வதில்லை. பழுத்த வாழையும் பச்சை வாழையும், இஞ்சி, ஓடோடு கூடிய கொக்கோ, நாம் பட்டர் ஃப்ரூட் என்று சொல்லும் வெண்ணெய்ப்பழம், ஆரஞ்சு வகை, மாம்பழம், பம்ப்ளிமாஸைப் போன்ற கிரேப் ஃப்ரூட் என்று அடுக்கிக்கொண்டே போய், ஊர்ச் சந்தையில் முதல் பரிசு வாங்கத் தகுந்த பழங்கள் என்று முடிக்கிறார். இரண்டாம் பத்தியில்தான் அவை ஒரு கடைச் சன்னலில் வைக்கப்பட்டிருப்பது தெரியவருகிறது. ஓடையோரப் பழமரங்களும் பனி படிந்த விடியலும் மலைகளும் அதன் பின்னே எழுகின்றன. மூன்றாம் பத்தியில் கண் மங்குகிறது. உடல் முழுதும் ஏக்கம் ஓர் அலையாகப் பாய்கிறது. பழகிய பழைய வாழ்க்கைக்காகப் பசித்து, அவர் முகத்தைத் திருப்பித் தலை குனிந்து அழுகிறார்.

இப்போது தாளையும் பேனாவையும் கொடுத்து, கவிதையில் உள்ள கருப்பொருள்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். யாராவது 'சோகமான கவிதை' என்று ஆரம்பித்தால் மரியாதையோடு நிறுத்துங்கள். இந்த இடத்தில் நடந்த ஒன்றை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் மொழிபெயர்ப்பைப் பற்றிக் கற்றுக்கொண்டது அன்றுதான்.

நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த தமிழ் வடிவத்தில் முதல் வரியை 'வாழைப்பழங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தேன். மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து பல வருடங்களாக முகாமில் வாழும் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், எழுதப் படிக்க அதிகம் பழகாதவர், பழங்களின் பெயரைத் தன் பேத்தியிடம் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, "தம்பி, அந்த வாழை பழமோ, காயோ?" என்று கேட்டார். பழம்தான் அம்மா என்று சொல்லிவிட்டு மூலத்தைப் பார்த்தேன். பழுத்ததும் பச்சையும் என்று இரண்டும் அங்கே இருந்தன. பச்சையை நான் விட்டுவிட்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர், "காயும் இருக்கெண்டால், அந்த மனுசன் கறியையும் சேர்த்துத்தானே நினைச்சிருக்கு" என்றார். ஜமைக்காவில் வாழைக்காயை அவித்து அன்றாட உணவாகச் சாப்பிடுவார்கள். பழம் மட்டும் இருந்தால் அது கடைச் சரக்கு. காயும் சேர்ந்தால் அங்கே அடுப்பும் பாத்திரமும் அம்மாவின் கையும் வந்துவிடுகின்றன. மெக்கே கடைசியில் 'பசித்து' என்ற சொல்லைப் போடுவதற்கு முதல் வரியிலேயே அடுப்பு மூட்டி வைத்திருக்கிறார். எத்தனையோ முறை படித்த கவிதையில் நான் தவறவிட்டதை, ஒரு வாழைத் தோட்டத்தை இழந்தவர் ஒரே கேள்வியில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பட்டியல் முடிந்ததும் முதற்பொருளுக்கு வாருங்கள். இந்தக் கவிதையின் நிலம் எது? நியூயார்க்கா, ஜமைக்காவா? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடிதான் என்று எங்கள் வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் சொன்னார். நான் அதை ஏற்கிறேன். அந்தக் காலத்தில் ஜமைக்காவின் வாழை, கப்பல் கப்பலாக அமெரிக்கத் துறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கவிஞரும் பழமும் ஒரே கடல் வழியில் வந்தவர்கள். பழத்துக்கு விலை உண்டு, சன்னலில் இடமும் உண்டு. பார்த்துக்கொண்டு வெளியே நிற்பவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். உரிப்பொருள் தானாக வெளியே வரும்.

நேரம் இருந்தால் மெக்கேயின் 'ஃபிளேம் ஹார்ட்' என்ற கவிதையையும் தொட்டுக்கொள்ளலாம். பத்து வருடங்களில் எவ்வளவு மறந்துவிட்டேன் என்று தொடங்கி, எந்தப் பழம் எந்த மாதத்தில் சாறு பிடிக்கும், எந்தப் பூ எப்போது மலரும் என்று மறந்தவற்றைச் சொல்லிக்கொண்டே போகிறார். வெதுவெதுப்பான டிசம்பரில் பூக்கும் பாயின்செட்டியாவின் இரத்தச் சிவப்பு மட்டும் நினைவிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். மறதியை வைத்து எழுதப்பட்ட கவிதை இது. ஊரைவிட்டு வெகுகாலம் ஆனவர்களிடம், எதை நினைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பதைவிட எதை மறந்துவிட்டீர்கள் என்று கேட்பது அதிகம் பேசவைக்கும்.

இரண்டாம் கவிதை: அலையா, வண்டிச் சத்தமா

பழத்துக்கு அடுத்தபடியாக ஓசை. கிரேஸ் நிக்கோல்ஸ் 1950இல் ஜார்ஜ்டவுனில் பிறந்து, 1977இல் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர். 1984இல் வெளியான தொகுப்பில் இருக்கும் அவருடைய 'ஐலண்ட் மேன்', லண்டனில் வாழ்ந்துகொண்டு இன்னும் கடலோசையில் கண்விழிக்கும் ஒரு தீவு மனிதனைப் பற்றியது. இந்தக் கவிதைக்குக் காப்புரிமை உண்டு. புத்தகத்தை வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ படியுங்கள், படியெடுத்துப் பரப்ப வேண்டாம்.

விடியற்காலையில் அவன் தலைக்குள் நீல அலை உடைகிறது. கடற்பறவைகள் பறக்கின்றன, மீனவர்கள் படகைத் தள்ளுகிறார்கள், மரகதம் போன்ற சிறு தீவின் கிழக்கே சூரியன் பிடிவாதமாக மேலெழுகிறது. தள்ளாடிக்கொண்டு அவன் நினைவுக்கு வருகிறான். மணல் என்ற சொல்லை ஒட்டியே சாம்பல் நிற உலோக இரைச்சல் வருகிறது, சக்கரங்கள் பொங்குகின்றன, நார்த் சர்குலர் என்ற லண்டன் வட்டச்சாலை உறுமுகிறது, கசங்கிய தலையணை அலையாகிறது. அவன் உடம்பைத் தூக்கி எழுப்புகிறான். மற்றுமொரு லண்டன் நாள்.

இந்தக் கவிதையில் நிறுத்தற்குறிகள் கிடையாது. எனவே படிப்பவர் எங்கே மூச்சு விடுவது என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டும். மூன்று பேரைப் படிக்கச் சொல்லுங்கள்; மூவரும் மூன்று இடத்தில் நிறுத்துவார்கள். பிறகு, கடல் எந்தச் சொல்லில் சாலையாக மாறுகிறது என்று ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் கோடு போட முடியாது என்பதுதான் இந்தக் கவிதையின் வேலைப்பாடு. அலைக்கு உரிய சொற்களே வண்டிக்கும், வண்டிக்கு உரிய சொற்களே படுக்கைக்கும் கைமாறுகின்றன. முதற்பொருளில் நிலம் இரண்டு, பொழுது ஒன்று. அந்த ஒரே வைகறைக்குள் இரண்டு கரைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

வளைகுடா நாடு ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பாம்பன் இளைஞர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், எங்க ரூம்ல ஏ.சி. ஓடுற சத்தம் இருக்கே, அரைத் தூக்கத்துல அது பாலத்துக்கு அடியில தண்ணி இழுத்துட்டுப் போற மாதிரியே கேக்கும். கண்ணத் தொறந்தா எட்டுப் பேரு வரிசையா படுத்துக் கெடப்போம்." பாம்பன் கால்வாயின் நீரோட்டத்தை அறிந்தவருக்கு அந்த ஓசை விளங்கும். அவர் பேசி முடித்த பிறகு கவிதைக்கு நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை. நீங்களும் அந்த மாதிரி நேரத்தில் விளக்கம் சொல்லாதீர்கள்.

நிக்கோல்ஸின் 'லைக் எ பீக்கன்' என்ற சிறு கவிதையும் இதோடு சேர்த்துப் படிக்க ஏற்றது. லண்டனில் இருக்கும்போது அம்மாவின் சமையலுக்கு ஏங்கி, ஓவியக் கூடத்தை விட்டு வெளியேறி, வாழைக்காயும் உப்பு மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேடிப் போகிறாள் ஒரு பெண். உப்பு மீன் என்று வந்ததும் நம் கூட்டத்தில் விளக்கத்துக்குத் தேவையே இருக்காது.

புயலைப் பற்றிப் படிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

1987 அக்டோபரில் இங்கிலாந்தின் தென்பகுதியைப் பெரும் புயல் தாக்கியது. அதைப் பற்றி நிக்கோல்ஸ் எழுதிய 'ஹரிக்கேன் ஹிட்ஸ் இங்கிலாந்து' என்ற கவிதையில், இங்கிலாந்தில் அந்நியமாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பெண், அந்தப் புயலைத் தன் ஊரிலிருந்து தேடி வந்த உறவினரைப் போலப் பெயர் சொல்லி அழைக்கிறாள். ஹுரக்கான் என்ற பழைய புயல் தெய்வம், ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த ஓயா, ஷாங்கோ என்ற தெய்வங்கள், 1961இல் கரீபியனைத் தாக்கிய ஹாட்டி என்ற சூறாவளி ஆகிய எல்லாவற்றையும் கூப்பிட்டு, நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்கிறாள். திமிங்கலங்களைப் போல மரங்கள் சாய்கின்றன. அந்த இரவில்தான் இங்கிலாந்து மண்ணும் அவளுக்கு மண்ணாகிறது.

இது மிகச் சிறந்த கவிதை. ஆனால் நம் கரையில் இதை எடுத்த எடுப்பில் படிக்கக் கூடாது. நான் படித்தேன். தனுஷ்கோடியில் சிறுவனாக இருந்தவர், இப்போது முதியவர், புயலை உறவாக அழைக்கும் வரி வந்தவுடன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். 1964 புயல் இரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், நூறுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அவருடைய உறவினர்களும் அன்று போனவர்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். தவறு முழுவதும் என்னுடையது. அடுத்த நாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சில மாதங்கள் கழித்து அவரே அந்தக் கவிதையை மறுபடி படிக்கச் சொன்னார், கேட்டு முடித்துவிட்டு, "அவங்களுக்கு அது சொந்தம், எங்களுக்கு இல்ல. ரெண்டையும் எழுதிக்கங்க" என்றார். புயல் கவிதையை வைத்துக் கூட்டம் நடத்துபவர்கள், வரப்போகிறவர்களின் வீட்டுக்கு முன்னதாகவே போய்ச் சொல்லிவிட்டு, விருப்பம் இல்லாதவர்களுக்கு வேறொரு நாளை ஒதுக்கிவையுங்கள்.

மொழியைப் பற்றி

பார்படோஸ் கவிஞர் காமாவ் பிராத்வெயிட், ஆங்கிலேயர் தந்த ஐந்து சீர் யாப்பில் சூறாவளி முழங்குவதில்லை என்று எழுதினார். மக்கள் பேசும் மொழியின் ஓசையில்தான் தீவின் அனுபவம் வரும் என்பது அவர் வாதம். அதை அவர் 'தேசமொழி' என்று அழைத்தார். 'தி அரைவன்ட்ஸ்' என்று ஒரே நூலாகத் தொகுக்கப்பட்ட அவருடைய மூன்று நெடுங்கவிதைகளிலும் (1967, 1968, 1969) அந்த ஓசையைக் கேட்கலாம். மிஸ் லூ என்று ஜமைக்கா முழுதும் அன்போடு அழைக்கப்பட்ட லூயிஸ் பென்னட், பேச்சுவழக்கிலேயே எழுதினார். ஜமைக்காக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி இங்கிலாந்தை எதிர்த்திசையில் குடியேற்ற நாடாக்குகிறார்கள் என்று சிரிக்கச் சிரிக்க அவர் எழுதிய கவிதை, ஏக்கத்தின் மறுபக்கத்தைக் காட்டும்.

மிஸ் லூவைத் தமிழில் சொல்லும்போது ஏட்டுத் தமிழில் சொன்னால் உயிர் போய்விடும். அதற்காகத் திரைப்பட நகைச்சுவைக் காட்சியில் வரும் கிராமத்துப் பேச்சையும் பயன்படுத்தாதீர்கள். அது யாருடைய பேச்சும் இல்லை. உங்கள் ஊரில் மீன் ஏலம் விடும் பெண்களோ, மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும் பெண்களோ ஒரு செய்தியை எப்படிச் சொல்வார்கள் என்று கவனித்து, அவர்களிடமே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

தவறாகப் படிக்கும் விதங்கள்

ஏக்கக் கவிதை என்றால் ஊரைப் புகழும் கவிதை என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. மார்ட்டினிக்கைச் சேர்ந்த எமே செசேர், பிரான்சில் மாணவராக இருந்தபோது ஒரு விடுமுறையில் நண்பரோடு யூகோஸ்லாவியக் கடற்கரைக்குப் போனார். எதிரே தெரிந்த தீவின் பெயர் மார்ட்டின்ஸ்கா என்று கேட்டதும், தன் தீவின் பெயரே எதிரே நிற்பதாக உணர்ந்து எழுதத் தொடங்கினார் என்பது அவருடைய நெடுங்கவிதைக்குச் சொல்லப்படும் பிறப்புக் கதை. 1939இல் வெளிவந்த, 'தாய்மண்ணுக்குத் திரும்பும் குறிப்பேடு' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட அந்தக் கவிதையில், ஊர் பசியிலும் நோயிலும் கிடப்பதை அவர் கடுமையாகச் சொல்கிறார். அந்தக் கடுமைக்குள் இருக்கும் பாசத்தை, ஒரு வருடம் கழித்து ஊருக்கு வந்து சாக்கடையைப் பார்த்துக் கத்தும் சபராளியிடம் நாம் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது தவறு நுட்பமானது; அதைப் பெரிய கவிஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார். செயின்ட் லூசியாவின் டெரிக் வால்காட், 1992இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையை, டிரினிடாட்டின் கரோனிச் சமவெளி ஓரத்தில் உள்ள ஃபெலிசிட்டி என்ற கிராமத்தில் நடக்கும் இராம்லீலாவிலிருந்து தொடங்குகிறார். இராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் மலர்வதைப் பாருங்கள்: உலகத்தின் மறுகோடியில், ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் வில்லும் அம்புமாக, மூங்கிலால் செய்த பெரிய உருவத்தைச் சுற்றி நிற்கிறார்கள். அங்கே நின்ற வால்காட், எழுத்தாளர் பழக்கத்தால் அதில் ஓர் இழப்பை, ஒரு மங்கிப்போன நகலைத் தேடினார். அந்தப் பிள்ளைகளிடம் இருந்ததோ நம்பிக்கையும் மகிழ்ச்சியும். தன் பார்வையின் குறையை அந்த மேடையிலேயே அவர் சொன்னார். உடைந்த ஜாடியை ஒட்டவைக்கும் அன்பு, அது முழுதாக இருந்தபோது கொண்ட அன்பைவிட வலியது என்பதும் அந்த உரையில் வரும் கருத்துதான். கூட்டத்தில் ஒருவர் தன் ஊர்த் திருவிழாவைச் சிரித்துக்கொண்டே சொன்னால், அதற்கு அடியில் கண்ணீரைத் தோண்டாதீர்கள்.

மூன்றாவதாக, எல்லாப் பிரிவையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. டிக்கெட் எடுத்துக் கப்பலேறியவரும், இரவில் படகில் தப்பி வந்தவரும், ஊர் மூழ்கிப்போனதால் இடம் மாறியவரும் வெவ்வேறு பேர். ஒப்பீடு வேண்டுமென்றால் அவர்களே செய்யட்டும்.

எழுதிப் பார்த்தல்

மூன்று நான்கு கூட்டங்களுக்குப் பிறகு வந்தவர்களை எழுதச் சொல்லுங்கள். விதி எளியது. விட்டு வந்த இடத்தின் ஏழு கருப்பொருள்கள், ஓர் ஓசை, ஒரு பொழுது. காற்றென்று எழுதாமல் வாடை, கொண்டல், கச்சான் என்று பெயரிட்டு எழுத வேண்டும். மீனென்று எழுதாமல் நகரை, சூடை, சீலா என்று எழுத வேண்டும். ஏக்கம், தாயகம், நினைவுகள், கண்ணீர் ஆகிய நான்கு சொற்களுக்கும் அன்று விடுமுறை. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மீனவர் மகள், விடுமுறைக்கு வந்தபோது இதை எழுதிக் கொடுத்தார். தன் பெயர் இல்லாமல் பகிர்ந்துகொள்ளலாம் என்று அனுமதியும் தந்தார்.

விடுதிச் சன்னல் படபடத்தது.
"கச்சான் எழும்பிருச்சு" என்றேன்.
"ஃபேனை நிறுத்தட்டுமா?" என்றாள் அறைத்தோழி.
அப்பா இந்நேரம்
கரை ஏறியிருப்பார்.
ஏறாமலும் இருப்பார்.

ஏழு பொருள் வேண்டும் என்ற விதியை அவர் மீறியிருக்கிறார், நான் திருத்தவில்லை. கச்சான் என்ற ஒரு சொல் இரண்டு பெண்களின் காதில் இரண்டாக விழுவதிலேயே தூரம் அளக்கப்பட்டுவிட்டது. அறைத்தோழி அன்பானவர் என்பதும் தெரிகிறது. அதனால் தனிமை இன்னும் கூடுகிறது. கடைசி இரண்டு வரிகளை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எழுதியவற்றைப் படிக்கும்போது கைதட்ட வேண்டாம். எழுதியவர் படித்து முடித்ததும், கேட்டவர்கள் அதிலிருந்து தங்கள் காதில் நின்ற ஒரே ஒரு பொருளின் பெயரை மட்டும் சொல்லட்டும். முகாமுக்குத் திரும்ப வேண்டியவர்களும் விடிகாலை கடலுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். கருப்பொருள் எழுதிய தாள்களைத் தேதியிட்டு ஒரு கோப்பில் வையுங்கள். எங்கள் கோப்பில் முதல் தாள் அந்த மன்னார் அம்மாவுடையது. மெக்கேயின் பழங்களைப் பேத்தியின் கையெழுத்தில் வரிசையாக எழுதிவிட்டு, அவற்றுக்குக் கீழே, யாரும் கேட்காமலே, தன்னுடையதைச் சேர்த்திருக்கிறார்: கிணற்றடி முருங்கை, இரண்டு பலா, ஒடியல் காயப்போட்ட பாய், கதவில்லாத ஆட்டுக்கொட்டில், வாழை. வாழைக்குப் பக்கத்தில் 'காயும் பழமும்' என்று இருக்கிறது.